மெதுவான உருண்டை

அந்தக் கூடத்துக்கு வருகிறவர்கள் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் டயர் கடைக்கு மேலே இருக்கும் அந்தக் கூடத்தில் வீடியோ கேம் சண்டைப் போட்டிகளுக்கு நடுவராக உட்காருவாள். செய்கிற வேலையால் வந்த பெயர் என்று ஒரு கட்சி. எவன் திருட்டாட்டம் ஆடினாலும் தோலுக்குள் புகுந்து பார்த்துவிடுவாள், அதனால் வந்தது என்று இன்னொரு கட்சி. எதுவாயிருந்தாலும் அவளுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமை உண்டு.

இந்தப் பித்து அவளுக்கு ஒட்டியது புகுந்த வீட்டில். கணவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும், சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவார். மாமியார் பேசினால் அது உத்தரவாகத்தான் இருக்கும். புது மருமகளோடு சரிக்குச் சரியாகச் சிரித்துப் பேச அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் கொழுந்தன். ஒருநாள் அவன் கன்ட்ரோலர் ஒன்றை அவளிடம் நீட்டி, "சும்மா பிடிங்க அண்ணி, எனக்கு அடிக்க ஆள் இல்ல" என்றான். ஒரு மாதம் அடி வாங்கினாள். அடுத்த மாதம் திருப்பி அடித்தாள்.

கொழுந்தனைக் கூடத்தில் தட்டாம்பூச்சி என்பார்கள். வாய் வலிக்கும் என்று சுருக்கிப் பூச்சி ஆக்கிவிட்டார்கள். அவன் ஆட்டத்தின் உயிரே தட்டுவதில்தான் இருந்தது.

அந்த ஆட்டத்தில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். சிலருக்குக் கைகால்தான் ஆயுதம், சிலர் தள்ளி நின்று நெருப்புருண்டை எறிவார்கள். வருகிற உருண்டையை மறிக்கலாம், இல்லையென்றால் தட்டலாம். மறிப்பது சுலபம். கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் வீரன் கைகளைக் குறுக்கே வைத்துக்கொள்வான், உருண்டை மோதிச் சிதறும். ஆனால் சும்மா சிதறாது, திரையின் மேலே ஓடும் உயிர்க்கோட்டில் நகக்கண் அளவு சீவிக்கொண்டு போகும். மறித்துக்கொண்டே இருப்பவன் உடம்பில் ஓர் அடி விழாமலே செத்துப்போவான். தட்டுவது வேறு ஜாதி வித்தை. உருண்டை மேலே படப்போகும் அந்தக் கணத்தில் பொத்தானை ஒரு தரம் அழுத்த வேண்டும். அமைந்துவிட்டால் ஒரு துளி உயிர் போகாது. உருண்டை வந்த வழியே திரும்பி, வந்ததைவிட வேகமாக, எறிந்தவன் மேலேயே பாயும். கொஞ்சம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. முந்தி அழுத்திய விரல் எழும்பி மறுபடி இறங்குவதற்குள் முகத்தில் நெருப்பு விழுந்திருக்கும்.

எறிகிறவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரே மாதிரி கையை வீசி வேகமான உருண்டையும் விடலாம், மெதுவான உருண்டையும் விடலாம். மெதுவானது ஆடி அசைந்து வரும். தட்டக் காத்திருப்பவனின் விரல் பொறுமை இழந்து முந்திக்கொள்ளும்.

பூச்சிக்கு எமனே அந்த மெதுவான உருண்டைதான். எத்தனை வேகமாக வந்தாலும் தட்டிவிடுவான், மெதுவாக வந்தால் மாட்டிக்கொள்வான். "கை முந்திருச்சு அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். வீட்டில் அவனை ஜெயிக்க அவளுக்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அரையிறுதியில் பூச்சிக்கு எதிரே உட்கார்ந்தவர் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. அடுப்படியிலும் நெருப்பு, ஆட்டத்திலும் நெருப்பு என்று கிண்டல் செய்வார்கள். உருண்டை எறிவதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கும் ஒருவரைத்தான் வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள் என்பதால் கூடம் நிரம்பி வழிந்தது.

சொந்தக்காரர் ஆட்டத்துக்கு அவள் நடுவராக உட்காருவதில்லை. அமைப்பாளரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்த மனிதர், இன்னும் கழுத்தில் விசில் தொங்கும். அவள் சுவரோரம் நின்று வீட்டு ஆளாகப் பார்த்தாள்.

பேக்கரிக்காரர் வேகமாக இரண்டு எறிந்தார், பூச்சி இரண்டையும் தட்டினான். அதே கைவீச்சில் மெதுவானது ஒன்றை விட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தட்டிவிட்டான். கூடம் இரைந்தது. மறுபடி ஒரு மெதுவானது, அதையும் தட்டினான். பேக்கரிக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. கலைத்துக் கலைத்து எறிந்து பார்த்தார், எல்லாமே திரும்பி வந்து அவரைத்தான் சுட்டது. கடைசியில் தன் உருண்டையாலேயே விழுந்தார். எல்லோரும் கை தட்ட, அவளும் தட்டினாள். தட்டிக்கொண்டே, இவன் இதை எப்போது கற்றுக்கொண்டான் என்று யோசித்தாள். கடையில் வேலை அதிகம் என்று சொல்லி இரண்டு மாதமாக அவன் வீட்டில் கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. கைபேசி பழுது பார்க்கும் கடை அவனுடையது. அங்கேயே யாருடனாவது ஆடிப் பழகியிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தேநீர் இடைவேளையில் பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"அக்கா, ஒரு உதவி. என் ஆட்டத்தோட பதிவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

"எதுக்கு? ஆட்சேபணை ஏதாவதா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. அவர் அசல் ஆட்டக்காரர், அதுல என்ன சந்தேகம். நான் மெதுவா விடுறது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பார்க்கணும். என் கை ஏதோ காட்டிக் குடுக்குது போல. அது தெரியலன்னா நான் எறியறதையே விட்டுட வேண்டியதுதான்."

"இருங்க, பார்க்கறேன்" என்றாள்.

நடுவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகும். படம் மட்டும் இல்லை, எவர் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார் என்பதும் கீழே கோடு கோடாக விழும். யாராவது ஆட்சேபணை எழுப்பினால் ஒழிய அதை எவரும் திறப்பதில்லை. அவள் முதல் மெதுவான உருண்டை வரும் இடத்துக்குப் போய் நிறுத்தினாள். பேக்கரிக்காரர் பக்கம் கோடுகள் கோணல்மாணலாக, ஒன்று நெருங்கி ஒன்று விலகி, மனிதக் கைக்கு உரிய அழகோடு இருந்தன. பூச்சியின் பக்கம் ஒரே ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கோடுகள், சீப்பின் பற்களைப் போல, மயிரிழை பிசகாத இடைவெளியில்.

அடுத்த உருண்டைக்குப் போனாள். அங்கேயும் சீப்பு. அதற்கடுத்ததிலும் அதேதான்.

எந்த விரலாலும் அப்படி அழுத்த முடியாது. விரல் பொத்தான்மேல் இருக்கும்வரை தானாகவே மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு சில்லை அவன் கன்ட்ரோலருக்குள் வைத்திருக்கிறான். உருண்டை மெதுவாக வந்தால் என்ன, வேகமாக வந்தால் என்ன, ஏதாவது ஓர் அழுத்தல் சரியான கணத்தில் விழுந்துவிடும். போட்டி விதியில் முதல் தடையே அதற்குத்தான்.

பதிவை மூடினாள். இனி எவரும் அதைத் திறக்கப் போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தூரத்தில் நின்றுகொண்டிருந்த பேக்கரிக்காரர் புருவத்தை உயர்த்திக் கேட்டார். "இன்னும் பார்க்கல" என்று கையால் சைகை காட்டிவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள்.

பூச்சி டயர் கடைக்காரர்கள் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"வாங்க அண்ணி. பார்த்தீங்களா, மெதுவா விட்டான், வாங்கிக் கட்டிக்கிட்டான்."

"பார்த்தேன். பதிவையும் பார்த்தேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். வைப்பதற்குள் பாதி சிந்திவிட்டது.

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"பார்க்க மாட்டாங்க."

"ஏன்டா இப்படிப் பண்ணின? உனக்கு என்ன குறைச்சல்?"

அவன் வலது கையை நீட்டிக் காட்டினான். பார்வைக்கு ஒன்றும் இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை மட்டும் கொஞ்சம் வற்றியிருந்தது.

"இந்த ரெண்டு விரலும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது அண்ணி. அழுத்தினேனா இல்லையான்னே தெரியறதில்ல. கடையில ஸ்க்ரூ கையை விட்டு நழுவுது. ஒரு வேலையை மூணு தடவை பண்றேன். ராத்திரி தோள்லேருந்து விரல் வரைக்கும் யாரோ கம்பியை விட்டு இழுக்கற மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் ஆஸ்பத்திரியிலதானே குப்பை கொட்டறேன்?"

"சொன்னா படம் எடுப்பீங்க. எடுத்தா ஏதாவது தெரியும். தெரிஞ்சா கடையை மூடணும்." அவன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். "இந்த ஒரு தடவை ஆடிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நல்லா ஆடினவன்னு பேராவது இருக்கட்டும்னு."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவனைக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இப்ப என்ன பண்ணலாம்கிற?"

"நானே விலகிக்கறேன். கை வலின்னு சொல்லிடறேன், பொய் இல்லையே அது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

அவளும் ஒரு கணம் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் மானமாக முடிந்துவிடும். கன்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இவன் விலகினால் இறுதி ஆட்டத்துக்குக் காத்திருப்பவன் ஆடாமலே ஜெயிப்பான். பேக்கரிக்காரர் தோற்றவராகவே வீட்டுக்குப் போவார். தன் கைவீச்சில் ஏதோ கோளாறு என்று நம்பி, நன்றாக எறிந்துகொண்டிருந்ததை மாற்றி மாற்றிக் கெடுத்துக்கொள்வார்.

"அவர் கதி?" என்று கேட்டாள்.

பூச்சி சிந்திய தேநீரைச் செருப்பால் தேய்த்தான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

மேலே ஏறி வரும்போது கணவர் எதிரே வந்தார். தம்பியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கையைப் பற்றித்தான் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவன்தான் விலகிக்கறேங்கறானே, அப்புறம் என்ன?" என்றார்.

"பேக்கரிக்காரர் நியாயமா ஜெயிக்க வேண்டியவருங்க."

"விளையாட்டு தானே. வீட்டுப் பிள்ளையை அத்தனை பேர் முன்னாடி நிறுத்தி வைக்கப் போறியா? கை வேற போயிட்டிருக்குங்கற."

"நான் பார்க்காம இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். பார்த்துட்டேன்."

"பார்த்ததை மறந்துடு."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். அமைப்பாளரிடம் போய்ப் பதிவைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உள் அறையில் வைத்துப் பேசி முடித்துவிடலாமா என்று அவள் கேட்டாள். "ரகசியமா பண்ணினா நாளைக்கு உன் கொழுந்தன்னு மூடி மறைச்சோம்னு பேசுவாங்கம்மா. உனக்கும் கெட்ட பேர், எனக்கும் கெட்ட பேர்" என்றார். சந்தேகம் வந்தால் கருவிகளைத் திறந்து சோதிக்கும் பொறுப்பு அவளுடையது என்பதால் ஸ்க்ரூ டிரைவரையும் அவள் கையிலேயே கொடுத்தார். வேறு யாராவது செய்யட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது அவளுக்குத் தோன்றவில்லை.

கூடத்தின் நடுவே மேசைமேல் கன்ட்ரோலரை வைத்துத் திறந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பொத்தானுக்குக் கீழே விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு பச்சைச் சில்லு, தலைமுடி தடிமனில் இரண்டு கம்பிகள். விரல் பேச்சு கேட்காதவன் செய்த பற்றவைப்பு மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். எத்தனை முறை நழுவி, எத்தனை முறை திரும்பத் திரும்ப வைத்திருப்பான் என்று நினைத்தாள். பின்னால் யாரோ விசிலடித்தான். "ஆனாலும் வேலைக்காரன்டா" என்று இன்னொருவன் சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

பூச்சி சுவரோரம் நின்றான். அமைப்பாளர், ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது, அரையிறுதி பேக்கரிக்காரருக்கு என்று அறிவித்தார். பேக்கரிக்காரர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவளிடம் வந்து, "நான் இதுக்காகக் கேக்கலக்கா. சத்தியமா இதுக்காகக் கேக்கல" என்றார்.

"தெரியும். உங்க கை ஒண்ணும் காட்டிக் குடுக்கல. போய் ஆடுங்க."

அவர் ஆடி ஜெயித்தார். அவள் திரும்பிப் பார்த்தபோது அண்ணனும் தம்பியும் போயிருந்தார்கள்.

பூச்சியின் கைக்கு என்ன ஆகிறது என்று வீட்டில் யாரும் அன்றைக்கு யோசிக்கவில்லை, மானம் போனதைப் பற்றித்தான் பேச்சு. மாமியார் இரண்டு நாள் அவள் போட்ட தேநீரைக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள், "ஊருக்கெல்லாம் எலும்பைப் பார்க்கறவளுக்கு வீட்டுல இருக்கறவன் கை கண்ணுக்குத் தெரியல" என்றார். கணவர் வேலை, சாப்பாடு, மின்கட்டணம் என்று தேவைக்கு மட்டும் பேசினார். பேக்கரிக்காரர் பெரிய போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய செய்தி வந்தது. எதற்காக இவ்வளவும் என்று அன்றிரவு கணவர் ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான்.

பூச்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவள்தான். வரமாட்டேன் என்று அடம் பிடிப்பான் என்று நினைத்தாள், பேசாமல் வந்தான். படம் எடுக்கும் அறைக்குள் அவள் போகவில்லை, சக ஊழியரிடம் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கை முழுக்கவே போயிருக்கும் என்றார். ஆபரேஷன் செய்தார்கள். வலி போயிற்று. கட்டை விரலுக்கு உணர்வு திரும்பியது. ஆள்காட்டி விரலுக்குப் பாதிதான் வந்தது, மீதி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். கடையில் நுணுக்கமான வேலைக்கு வேறொருவரைப் போட்டுவிட்டு அவன் கல்லாவில் உட்கார ஆரம்பித்தான். போட்டி நடக்கும் கூடத்தின் பக்கம் அவன் போகவே இல்லை. தடைக்காலம் முடிந்த பிறகும் போகவில்லை.

அன்றைய சம்பவத்துக்கு அடுத்து அவள் இரண்டு ஞாயிறு கூடத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு மூன்றாம் ஞாயிறு போனாள். அங்கே எல்லோரும் முன்னைவிட மரியாதையாக எழுந்து நின்றார்கள். முன்பெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள் இப்போது கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒருநாள் சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பூச்சி மேலே வந்து, கேட்காமலே கொடியின் மறுகோடியிலிருந்து துணிகளை உருவி மடிக்க ஆரம்பித்தான். அந்த விவகாரத்துக்குப் பிறகு அவன் தானாக அவள் பக்கத்தில் வந்தது அதுதான் முதல்முறை.

"டாக்டர் என்ன சொன்னார் இன்னிக்கு?" என்று கேட்டாள்.

"பந்தை அமுக்கிக்கிட்டே இருக்கச் சொல்றார். இன்னும் ஆறு மாசம் பார்க்கலாமாம்."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு போர்வையை நீட்டிப் பிடித்தார்கள். அவன் பக்கம் நழுவியது, மறுபடி பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, நீங்க பண்ணினது சரிதான். நான் ஒரு நாளும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"ஆனா அந்தக் கன்ட்ரோலரை நீங்க திறந்திருக்க வேண்டாம். அமைப்பாளர் திறந்திருக்கலாம். வேற யாராவது திறந்திருக்கலாம்." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அத்தனை பேர்ல உங்க கையைத்தான் நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

வேறு யாரிடமாவது கொடுக்க அன்றைக்குத் தோன்றவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு பதிலாகாது என்று அவளுக்கே தெரிந்தது.

"ஆமா" என்றாள். "வேண்டாம்தான்."

அவன் தலையை ஆட்டினான். போர்வையை நான்காக மடித்து அவள் தோளில் போட்டுவிட்டு, மீதித் துணியை எடுக்கக் கொடியின் அந்தப் பக்கம் போனான்.